துக்காராமைத் திரைக்குக் கொண்டு வந்த விஷ்ணுபந்த் தாம்லே

நம் இல்லங்களில் ராதா கல்யாணமோ ஏகாதசி பஜனையோ நடந்தால், மராட்டி அபங்கம் ஒன்றிரண்டாவது பாடாமல் பெரும்பாலும் நிறைவு பெறுவதில்லை. தஞ்சையை மராட்டிய மன்னர்கள் ஆண்ட காலத்தில் நமக்கு வந்து சேர்ந்த சொத்து அது. பொருள் முழுதும் புரியாவிட்டாலும் விட்டலன் பெயர் வரும் இடத்தில் எல்லோருடைய கையும் தானாகத் தாளம் போடும். அந்த அபங்கங்களில் பலவற்றை இயற்றிய சந்த் துக்காராம் பார்ப்பதற்கு எப்படி இருந்திருப்பார்? மும்பை, புணே, நாகபுரி அன்பர்களைக் கேட்டால் உடனே ஒரு முகம் அவர்கள் நினைவுக்கு வரும். மெலிந்த தேகம், தலைப்பாகை, பாதி மூடிய கண்கள், உலகத்தோடு சண்டை ஏதும் இல்லாத ஒரு புன்சிரிப்பு.

அது துக்காராமின் முகம் அல்ல. 1936-இல் வெளிவந்த 'சந்த் துக்காராம்' என்ற மராட்டிப் படத்தில் அவராக நடித்த விஷ்ணுபந்த் பாக்னிஸ் என்பவரின் முகம். பாக்னிஸின் பெயரை இன்றும் பலர் அறிவர். படத்தைத் தயாரித்த பிரபாத் கம்பெனி என்றால் எல்லோருக்கும் சாந்தாராம் நினைவுக்கு வருவார். ஆனால் இந்தப் படம் சாந்தாராம் இயக்கியதல்ல. இயக்கியவர்கள் இருவர். ஒருவர் விஷ்ணுபந்த் கோவிந்த் தாம்லே, மற்றவர் ஷேக் ஃபத்தேலால். இக்கட்டுரை தாம்லேயைப் பற்றியது. ஆயினும் ஃபத்தேலாலை விட்டுவிட்டு அவரைப் பற்றி எழுதுவது இயலாத காரியம்.

தாம்லே 1892 அக்டோபர் 14 அன்று கொங்கணப் பகுதியில் பேண் என்ற ஊரில் பிறந்தார். கொங்கணஸ்த பிராமணக் குடும்பம். பேண் இன்று விநாயகர் சிலைகள் செய்வதற்குப் பெயர் பெற்ற ஊர். இளமையிலேயே அவர் வந்து சேர்ந்த இடம் கோலாப்பூர். அங்கே ஆனந்தராவ், பாபுராவ் என்று இரு உறவினர்கள் நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை எழுதிக் கொடுத்துப் புகழ் பெற்றிருந்தார்கள். அதனாலேயே அவர்களுக்குப் பெயிண்டர் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. தாம்லே அவர்களிடம் சேர்ந்தார். ஏறக்குறைய அதே காலத்தில், கோலாப்பூருக்கு அருகில் உள்ள காகல் என்ற ஊரிலிருந்து ஃபத்தேலாலும் வந்தார். அவருடைய கை ஓவியக் கை. தாம்லேயின் கையோ இயந்திரக் கை.

பெயிண்டர் சகோதரர்களுக்கு சினிமா எடுக்க வேண்டும் என்ற ஆசை. காமிரா வாங்கப் பணம் இல்லை. ஆகவே தாங்களே ஒன்றைச் செய்துவிடுவது என்று ஆனந்தராவ் முயன்றார். முயற்சி முடியுமுன் 1916-இல் அவர் காலமாகிவிட்டார். பாபுராவ் அதைத் தொடர்ந்தார், தாம்லே உடன் நின்று உழைத்தார். 1918 வாக்கில் காமிரா தயாராயிற்று.

இது எவ்வளவு பெரிய காரியம் என்பதைச் சற்று விளக்கிச் சொல்ல வேண்டும். விஞ்ஞானம் படித்தவன் என்ற முறையில் எனக்கு இதைத் தாண்டிச் செல்ல மனம் வரவில்லை. சினிமாப் பிலிம் காமிராவுக்குள் ஒரே சீராக ஓடுவதில்லை. ஒரு படம் விழும் நேரம் அது அசையாமல் நிற்க வேண்டும். பிறகு ஒளி உள்ளே வராமல் மூடி மறைக்க, அந்தக் கண நேரத்தில் ஒரு கொக்கி பிலிமின் ஓரத் துளையைப் பற்றி அடுத்த படத்துக்கு இழுத்து நிறுத்த வேண்டும். மௌனப் படக் காலத்தில் இது விநாடிக்குச் சுமார் 16 முறை நடக்கும். ஓர் அடி பிலிமில் 16 படங்கள். கொக்கி ஒரு மயிரிழை தவறினாலும் திரையில் மனிதர்கள் நடுங்குவார்கள். லேத்தையும் அரத்தையும் வைத்துக்கொண்டு, நாடகத் திரைச்சீலை எழுதும் ஒரு கொட்டகையில், முறையான தொழிற்கல்வி ஏதும் இல்லாதவர்கள் இதைச் செய்தார்கள். பிற்காலத்தில் நம் நாட்டில் எத்தனையோ திட்டங்களில் சுயசார்பு என்ற சொல் அடிபடுவதைக் கோப்புகளில் பார்த்திருக்கிறேன். அந்தச் சொல் புழங்காத நாளில் கோலாப்பூரில் அது நடந்திருக்கிறது.

பாபுராவ் பெயிண்டரின் மகாராஷ்டிரா பிலிம் கம்பெனி எடுத்த 'சைரந்திரி' 1920-இல் வெளிவந்தது. லோகமான்ய திலகர் அதைப் பாராட்டி பாபுராவுக்கு சினிமா கேசரி என்ற பட்டம் அளித்தார். அந்தக் கம்பெனியில் தாம்லே பல ஆண்டுகள் உழைத்தார். 1928-இல் தாம்லேயும் ஃபத்தேலாலும் சேர்ந்து 'மகாரதி கர்ணா' என்ற மௌனப் படத்தை இயக்கினார்கள். மறு வருடம் இருவரும் வெளியே வந்து, தங்களுக்கு இளையவரான சாந்தாராம், கேசவராவ் தாய்பர், முதலீடு செய்த சீதாராம் குல்கர்னி ஆகியோருடன் கூட்டுச் சேர்ந்து 1929 ஜூன் 1 அன்று பிரபாத் பிலிம் கம்பெனியைத் தொடங்கினார்கள். முதல் படம் கண்ணனைப் பற்றிய 'கோபால கிருஷ்ணா'.

1931-இல் இந்தியப் படங்கள் பேசத் தொடங்கின. பிரபாத்தும் பேசியாக வேண்டும். 1932-இல் அவர்கள் ஹரிச்சந்திரன் கதையை 'அயோத்யேசா ராஜா' என்று மராட்டியில் எடுத்தபோது ஒலிப்பதிவுப் பொறுப்பு தாம்லேயிடம் வந்தது. அப்போது அவருக்கு வயது 40-ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த வயதில் முற்றிலும் புதிய ஒரு துறையைக் கற்பது எளிதல்ல. குரலை மின்சார அலையாக்கி, அதை ஒளியின் ஏற்றத்தாழ்வாக்கி, பிலிமின் ஓரத்தில் ஒரு கோடாகப் பதிக்க வேண்டும். வேகம் கொஞ்சம் மாறினாலும் பாடகரின் குரல் ஆடும். காமிராவின் கடகடப்பும் பதிவாகிவிடும். பின்னணி பாடும் முறை இன்னும் வரவில்லை. நடிகர் நடித்துக்கொண்டே பாட வேண்டும், பக்கவாத்தியக்காரர்கள் காமிராவின் கண்ணுக்குப் படாமல் அருகில் ஒளிந்து வாசிக்க வேண்டும். இத்தனையையும் சமாளித்துப் பதிவு செய்தவர் தாம்லே. 1933-இல் பிரபாத் புணேக்கு இடம் பெயர்ந்தது. அங்கு ஊருக்கு வெளியே காடும் மேடுமாகக் கிடந்த நிலத்தில் பெரிய ஸ்டூடியோ எழுந்தது. அந்த இடத்தில்தான் 1960 முதல் அரசின் திரைப்படக் கல்லூரி நடந்து வருகிறது. பக்கத்துச் சாலைக்குப் பெயரே பிரபாத் ரோடு.

நம்மவர்களுக்கும் அந்த ஸ்டூடியோவோடு தொடர்பு உண்டு. தமிழ்ப் படம் எடுக்கச் சென்னையில் போதிய வசதி இல்லாத 1930-களின் தொடக்கத்தில், பிரபாத்தார் 'சீதா கல்யாணம்' என்ற தமிழ்ப் படத்தை எடுத்தார்கள். அதில் ராமராக நடித்தவர் பின்னாளில் சங்கீத வித்வானாகவும் ஓவியராகவும் புகழ் பெற்ற எஸ். ராஜம். அவர் தந்தை சுந்தரம் அய்யர் ஜனகராக நடித்தார். ராஜத்தின் தம்பி, வீணை எஸ். பாலசந்தர், சிறு பிள்ளையாக அதில் தோன்றினார். பாபநாசம் சிவன் சினிமாவுக்குப் பாட்டு எழுத வந்ததும் இப்படத்தின் மூலமே.

இனி 'சந்த் துக்காராம்' படத்துக்கு வருகிறேன்.

அதற்கு முந்தைய வருடம், 1935-இல், ஏகநாதரின் வாழ்க்கையை 'தர்மாத்மா' என்ற பெயரில் சாந்தாராம் எடுத்திருந்தார். முதலில் வைத்த பெயர் மகாத்மா. காந்திஜியை நினைவூட்டுகிறது என்று தணிக்கையார் ஆட்சேபித்ததால் மாற்ற வேண்டியதாயிற்று. ஏகநாதராக நடித்தவர் மராட்டி நாடக மேடையில் பெண் வேடத்துக்கு ஈடு இணையற்ற பால கந்தர்வர். அவ்வளவு பெரிய கலைஞர் பிரபாத்தில் அந்த ஒரு படத்தோடு நின்றுவிட்டார். இந்த நிலையில் தாம்லேயும் ஃபத்தேலாலும் துக்காராம் வேடத்துக்குத் தேர்ந்தெடுத்தவரும் மேடையில் பெண் வேடமிட்டு வந்தவரே. அவர்தான் பாக்னிஸ். கம்பெனிக்குள் எதிர்ப்பு எழுந்ததில் வியப்பில்லை. பாக்னிஸின் நடையிலும் கையசைவிலும் பெண்மைச் சாயல் போகவில்லை, ஒரு மகானாக ஜனங்கள் அவரை ஏற்பார்களா என்பது எதிர்த்தவர்களின் கேள்வி.

இருவரும் பிடிவாதமாக நின்றார்கள். அவர்கள் கண்டது வேறு. எந்தச் சாயல் குறை என்று சொல்லப்பட்டதோ, அது விட்டலனைத் தாயாகப் பார்க்கும் ஒரு பக்தனுக்குப் பொருந்தும் என்பது அவர்கள் கணிப்பு. பாக்னிஸ் படப்பிடிப்புக்கு முன் துக்காராமின் ஊரான தேஹுவுக்குச் சென்று வணங்கிவிட்டு வந்தார். திரையில் அவர் நடித்தார் என்றே தோன்றாது. அவரே பாடினார். குரல் கம்பீரமானதல்ல, கச்சேரி வித்வத்தும் இல்லை. ஒரு மளிகைக் கடைக்காரர் வாய் ஓயாமல் நாமம் சொல்லிக்கொண்டிருந்தால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும். இந்தப் படத்துக்குப் பிறகு அவர் துளசிதாசராகவும் நரசி பக்தராகவும் வேறு கம்பெனிகளின் படங்களில் நடித்து, 1943-இல் காலமானார்.

கதை நம்மில் பலரும் அறிந்ததுதான். தேஹு கிராமத்தில் துக்காராம் பஞ்சத்தில் வியாபாரம் நொடித்து, குடும்பம் வறுமையில் தவிக்க, விட்டலனைப் பாடிக்கொண்டே இருக்கிறார். அவர் பாடல்களைத் தன்னுடையவை என்று சொல்லிக்கொள்ளும் சாலோமாலோ என்ற பூசாரி சூழ்ச்சி செய்கிறான். ராமேச்வர சாஸ்திரி என்ற பண்டிதர் வரவழைக்கப்பட்டு, பாடல் சுவடிகளை இந்திராயணி ஆற்றில் போட்டுவிட ஆணையிடுகிறார். துக்காராம் கரையில் பட்டினி கிடக்க, நதி சுவடிகளைத் திருப்பித் தருகிறது. சிவாஜி மகாராஜா அனுப்பிய வெகுமதிகளை அவர் ஏற்கவில்லை. இறுதியில் விமானம் வந்து அவரை வைகுண்டத்துக்கு அழைத்துச் செல்கிறது.

அற்புதங்கள் நிறைந்த கதை. பக்திப் படம் எடுக்கும் எவரும் அற்புதத்தைப் பெரிதாக்கவே பார்ப்பார்கள். தந்திரக் காட்சிகளில் தேர்ந்த தாம்லேக்கு அது கைவந்த கலை. அக்காலத்தில் இதற்கு வழக்கமான முறை, கறுப்புப் பின்னணியில் ஒரு முறை படம் பிடித்து, பிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, அதன் மேலேயே மறுபடி பிடிப்பது. ஆனால் படத்தைப் பார்த்தவர்களுக்கு முதலில் நினைவு வருவது அற்புதங்கள் அல்ல. துக்காராமின் மனைவி ஜீஜாயிதான்.

கௌரி என்ற பெண்மணி அந்த வேடத்தில் நடித்தார். தொழில்முறை நடிகையாக வந்தவர் அல்ல, ஸ்டூடியோவின் சாதாரண ஊழியர்களிடையே இருந்து வந்தவர். ஜீஜாயிக்குக் கணவனிடம் உயிர். கணவனின் கடவுளிடம் தீராத கோபம். வீட்டில் அரிசி இல்லை, குழந்தைக்கு ஜுரம், எருமையைக் கவனிக்க வேண்டும், இவரோ பாடிக்கொண்டிருக்கிறார். பிள்ளைக்கு உடம்பு முடியாமல் போனதும் அவள் கையில் செருப்பை எடுத்துக்கொண்டு, பிள்ளையை இழுத்துக்கொண்டு, விட்டலன் சந்நிதிக்கே அடிக்கப் போய்விடுகிறாள். பக்திப் படத்தில் இப்படி ஒரு காட்சி வைக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்! ஆனால் யாருக்கும் அது அபசாரமாகப் படவில்லை. கடைசியில் வைகுண்டம் போகலாம் வா என்று கணவர் கூப்பிடும்போதும் அவளுக்கு அடுப்பு வேலைதான் முக்கியமாகப் படுகிறது. பிறகு ஓடி வருகிறாள், விமானம் போய்க்கொண்டிருக்கிறது.

1980-களில் பணி நிமித்தம் புணேயில் குடியிருந்தபோதுதான் நான் இந்தப் படத்தை முதலில் பார்த்தேன். எனக்கு மராட்டி அரைகுறை. பக்கத்து இருக்கையில் எங்கள் குடியிருப்பைச் சேர்ந்த ஒரு மராட்டிய மூதாட்டி. செருப்புக் காட்சியில் அவர் சிரித்தார், அடுப்புக் காட்சியில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். விமானம் பறந்தபோது அவர் திரையைப் பார்க்கவில்லை, கைப்பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். என் மனைவி வீடு திரும்பும் வழியெல்லாம் பேசவே இல்லை. மாதக் கடைசியில் வீட்டுச் செலவுக்குக் கணக்குப் பார்த்த பெண்கள் எல்லோருக்கும் அந்தப் படத்தில் ஏதோ ஒன்று பதிந்திருக்கிறது என்று புரிந்துகொண்டேன்.

வசனம் சிவராம் வாஷீகர், இசை கேசவராவ் போளே. பாடல்கள் பெரும்பாலும் துக்காராமின் அபங்கங்களே. தேவைப்பட்ட ஓரிடத்துக்கு சாந்தாராம் ஆட்டவலே என்பவர் புதிதாக ஒரு பாட்டு எழுதினார். அது எப்படி அமைந்ததென்றால், துக்காராமின் நூலில் நன்கு ஊறியவர்களே அதை அவருடையது என்று எண்ணி அங்கே தேடினார்களாம்.

படம் மும்பையில் ஒரே தியேட்டரில் ஓர் ஆண்டுக்கும் மேலாக ஓடியது. ஊர்ப்புறங்களிலிருந்து கூட்டம் கூட்டமாக வந்து பார்த்தார்கள். 1937-இல் இத்தாலியில் வெனிஸ் நகரத் திரைப்பட விழாவில் காட்டப்பட்டுச் சிறப்புப் பாராட்டு பெற்றது. இந்தியப் படம் ஒன்றுக்கு வெளிநாட்டு விழாவில் அத்தகைய அங்கீகாரம் அதற்கு முன் கிடைத்ததில்லை. துக்காராம் கதை தென்னாட்டிலும் படமானது. கோயமுத்தூர் சென்ட்ரல் ஸ்டூடியோவில் 1938-இல் எடுத்த தமிழ் 'துக்காராம்' படத்தில் நாயகன் நம் முசிரி சுப்பிரமணிய அய்யர். அவர் நடித்த ஒரே படம் அதுதான்.

நம் சங்க அன்பர்கள் சிலருக்கு இங்கே ஒரு மனக்குறை எழலாம். நான் இந்தப் படத்தைப் பற்றிப் பேசிய ஒரு சிறு கூட்டத்திலேயே அது எழுந்தது. படத்தின் வில்லன் சாலோமாலோ ஒரு பிராமணன். சுவடியை ஆற்றில் போடச் சொல்பவர் ஒரு சாஸ்திரி. சூத்திரன் வேதப் பொருளைப் பாடலாமா என்பதே வழக்கு. 1940-இல் இதே இருவர் எடுத்த 'சந்த் ஞானேச்வர்' படத்திலும், சந்நியாசத்திலிருந்து இல்லறத்துக்குத் திரும்பியவரின் பிள்ளைகள் என்பதற்காக அந்தக் குழந்தைகளை ஒதுக்கி வைப்பவர்கள் ஆளந்தியின் வைதீகர்கள். நம்மை இப்படிக் காட்டலாமா என்று அன்று ஒரு பெரியவர் வருத்தப்பட்டார்.

அவரிடம் நான் சொன்னதை இங்கும் எழுதுகிறேன். இதை எடுத்த தாம்லே பிராமணர். அவர் கதையைத் திரிக்கவில்லை. மகாராஷ்டிரத்தின் பக்தி மரபே சொல்லிவரும் கதை அது. மேலும் அதே மரபு, எதிர்த்த அந்த ராமேச்வரர் பின்னர் துக்காராமின் சீடரானார் என்றும் சொல்கிறது. பகிணாபாய் என்ற பிராமணப் பெண்மணி அவரைக் குருவாக ஏற்று அபங்கங்கள் பாடினார். அவற்றை நாம் மறைத்துவிட்டு வில்லனை மட்டும் பார்த்துக் கோபிப்பது முறையல்ல. சாலோமாலோ பாத்திரம் கொஞ்சம் மிகையாகச் சித்திரிக்கப்பட்டிருப்பது உண்மை. நாடக வாடை அதில் போகவில்லை. அது படத்தின் குறை என்று எனக்கும் தோன்றும். ஆனால் சுவடிகள் ஆற்றில் விழும் காட்சியில் எனக்குக் கூச்சம்தான் வந்தது, கோபம் வரவில்லை. பெரியவர் என் பதிலில் சமாதானம் அடைந்ததாகத் தெரியவில்லை. ஆயினும் கூட்டம் முடிந்ததும் படத்தை எங்கே பார்க்கலாம் என்று விசாரித்தார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். விட்டலனைப் பற்றிய இந்தப் படத்தின் கிராமத்தை, கோவிலை, ஆற்றங்கரையை, ஜீஜாயியின் சமையலறையை உருவாக்கிய கை ஃபத்தேலாலுடையது. ஸ்டூடியோவில் அவரை எல்லோரும் சாகேப் மாமா என்று அழைப்பார்கள். யார் எதைச் செய்தார் என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி தாம்லே-ஃபத்தேலால் என்றே பெயர்ப் பலகையில் வரும். திரைச்சீலைக் கொட்டகையில் தொடங்கிய அந்தச் சினேகம் கால் நூற்றாண்டைத் தாண்டியது.

1941-இல் 'சந்த் சகு' வந்தது. பண்டரிபுரம் போக ஏங்கும் மருமகளின் கதை. இவ்விருவரோடு ராஜா நேனேயும் சேர்ந்து இயக்கினார். 1942-இல் சாந்தாராம் பிரபாத்தை விட்டுப் பிரிந்து சென்று தனிக் கம்பெனி தொடங்கினார். அவர் புகழ் மேலும் வளர்ந்தது. தாம்லே 1945 ஜூலை 5 அன்று காலமானார். வயது 52தான். மற்றவர்கள் பேசப் பேச அதைப் பதிவு செய்துகொண்டிருந்த மனிதருக்குத் தம்மைப் பற்றிப் பேச நேரம் இருக்கவில்லை போலும். சாந்தாராமைப் போல அவர் சுயசரிதை எழுதி வைக்கவில்லை. பிரபாத் கம்பெனி 1950-களின் தொடக்கத்தில் மூடப்பட்டது. அதன் படங்களை மீட்டுப் பாதுகாத்ததில் தாம்லே குடும்பத்தாருக்கு முக்கியப் பங்கு உண்டு. அதனால்தான் நாம் இன்று 'சந்த் துக்காராம்' படத்தைப் பார்க்க முடிகிறது.

ஃபத்தேலால் 1964 வரை இருந்தார். நண்பர் மறைந்து பத்து வருடம் கழித்து, 1955-இல், அவர் தனியாக இயக்கி ஓர் இந்திப் படம் வெளிவந்தது. அது ஆதிசங்கரரின் வாழ்க்கை. படத்தின் பெயர் 'ஜகத்குரு சங்கராசார்யா'.